மூன்று அறைக்கான பாய்லர்

மன்சு தரையில் குப்புறப் படுத்துக் கன்னத்தை வைத்துப் பார்த்தான். உள்ளங்கையை நம்ப முடியாது. முப்பது வருடம் ரயில் பாதையில் இரும்பைப் பிடித்துப் பிடித்து அது மரத்துப் போயிருந்தது. கன்னத்தில் இன்னும் கொஞ்சம் உணர்ச்சி மிச்சமிருந்தது. அக்காவின் படுக்கையை விரிக்கப்போகும் இடத்தில் தரை வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான். சூடு என்று சொல்ல முடியாது.

மணி பதினொன்று. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினேழு. மூன்று மணிக்கு வோஞ்சு ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவை ஆம்புலன்ஸில் கொண்டுவருகிறார்கள். இன்றோ நாளையோ என்று பெரிய டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார். அப்படிச் சொன்ன பிறகு யாரும் ஆஸ்பத்திரியில் வைத்திருப்பதில்லை. வெளியில் போன உயிர் வெளியோடு போனதுதான். அந்த உடலை வாசலுக்குள் எடுத்துவர ஊரில் ஒப்பமாட்டார்கள். இந்த வீட்டை ஒற்றை ஆளாக நின்று கட்டியவள் இதன் வாசலுக்கு வெளியே கிடக்கக் கூடாது என்பதில் கூடப்பிறந்த மூவருக்கும் ஒரே எண்ணம். அவர்கள் மூவரும் ஒரே எண்ணத்துக்கு வந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

மன்சு எழுந்து சமையலறைக்குப் போனான். அதற்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் எண்ணெய் பாய்லர் உறுமிக்கொண்டிருந்தது. விடிந்ததிலிருந்து அது நிற்கவே இல்லை. அதிலிருந்து வரும் வெந்நீர் சமையலறைச் சுவரோரம் நான்கு பித்தளைத் திருகு வால்வுகளில் பிரிந்து, நான்கு அறைகளின் தரைக்கடியில் ஓடியது. மூன்று திருகுகளில் அக்கா துணிப் பட்டையில் பெயர் எழுதிக் கட்டியிருந்தாள்: மன்சு, கிசோக், மல்ஜா. நான்காவதில் பெயர் இல்லை. அது அவளுடைய அறை. வீட்டிலேயே பெரியதும் அதுதான். பழைய காலத்துத் தடித்த தரை, எவ்வளவு சூட்டைக் கொடுத்தாலும் விழுங்கிக்கொண்டிருக்கும்.

பாய்லர் கடைக்காரர் பேக் கொட்டகையில் குந்தியிருந்தார். கையெல்லாம் கரி. இதை விற்றவரும் பொருத்தியவரும் அவர்தான். மன்சு போன் செய்ததும் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார்.

"இதுக்கு மேல போகாதுங்க," என்றார். "பீச்சுற முனையை மாத்தி எண்ணெயைக் கொஞ்சம் கூட்டி விட்டிருக்கேன். இன்னும் கூட்டினா புகைதான் வரும், சூடு வராது. பதிமூணாயிரம் கிலோகலோரி பாய்லர்னா பதிமூணாயிரம்தான்."

"கடையில இருபதாயிரம் கிலோகலோரில ஒண்ணு இருக்கா?"

"இருக்கு. ஆனா இதைக் கழட்டணும், தண்ணியை இறக்கணும், புகைக்குழாயை மாத்தணும். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் வீட்டுல சொட்டுச் சூடு இருக்காது. அக்காவைப் பனியிலயா படுக்க வைப்பீங்க?"

பேக் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு கையைத் துடைக்க ஆரம்பித்தார். நல்ல மனிதர். அன்றைக்கே சொன்னேனே என்று சொல்லிக்காட்ட அவருக்கு முழு உரிமையும் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் அக்கா ஒக்புன் வீட்டிலிருந்த நிலக்கரி அடுப்பைத் தூக்கிப்போட முடிவு செய்தாள். அப்பா சுரங்கத்தில் இறந்துபோனபோது அவளுக்குப் பத்தொன்பது வயது; கடைக்குட்டி மல்ஜாவுக்கு நாலு. அன்றிலிருந்து இருபத்தைந்து வருடம் கல்லையும் கரியையும் பிரிக்கும் களத்தில் நின்று மூன்று பேரையும் வளர்த்தாள். கல்யாணம் என்ற பேச்சை யாராவது எடுத்தால், எனக்குத்தான் மூணு பிள்ளை இருக்கே என்பாள். இனிமேல் கரி வீட்டுக்குள் வேண்டாம், எண்ணெய் பாய்லர் வைப்போம் என்று மன்சுவைக் கூட்டிக்கொண்டு பேக்கின் கடைக்குப் போனாள்.

பேக் முதலில் வீடு எத்தனை ப்யோங் பரப்பு என்று கேட்கவில்லை. ஒரே சமயத்தில் எத்தனை பேர் இருப்பார்கள், எத்தனை பேர் குளிப்பார்கள் என்று கேட்டார். ஒக்புன் விரல் விட்டு எண்ணிப் பதினாலு என்றாள். மன்சுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் இருப்பது அவள் ஒருத்தி. சியோலில் இருக்கும் கிசோக்குக்கு ஒவ்வொரு புத்தாண்டுக்கும் பிள்ளைகளின் பரீட்சை வந்துவிடும். பூசானில் இருக்கும் மல்ஜாவுக்கு ரயிலில் இடம் கிடைக்காது. மூன்று அறைகள் மூடியே கிடந்தன.

பேக் பூசி மெழுகாமல் உள்ளதைச் சொன்னார். ஒரே ஓர் அறையைத் திறந்துவைத்து வாழும் ஆளுக்குப் பெரிய பாய்லர் ஆகாது. பற்றும், உடனே சூடேறி அணையும், மறுபடி பற்றும்; புகையடைத்து நாலு வருடத்தில் கெட்டுப்போகும். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும். ஆனால் ஜனவரியில் நான்கு அறையும் திறப்பதாக இருந்தால் பதிமூணாயிரம் எட்டாது, இருபதாயிரம் வேண்டும். "வீட்டை வச்சுச் சொல்றதுக்கில்லீங்க. வர்ற ஆளை வச்சுத்தான்," என்று முடித்தார். ஒக்புன் இருபதாயிரம் என்று சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போனாள். மன்சு கடையிலேயே நின்று, பதிமூணாயிரம் போதும் என்றான்.

கஞ்சத்தனம் இல்லை. மிச்சப் பணத்துக்கு இரண்டு ட்ரம் எண்ணெய் வாங்கி நிரப்பிக்கூட வைத்தான். உண்மையில் அது கோபம். பத்து நிமிட நடையில் இருப்பவன் அவன். எண்ணெய் ட்ரம்மை உருட்டுபவன் அவன். கூரைப் பனியைத் தள்ளுபவன் அவன். வராதவர்களுக்கு எதற்கு வெந்நீர்? விரலுக்குத் தக்க வீக்கம் போதும் என்று முடிவு கட்டினான். அக்காவிடம் இருபதாயிரம்தான் என்று சொன்னான். பாய்லரின் நெற்றியில் அளவு போட்டு ஒட்டியிருந்த தாளை அவனே சுரண்டி எடுத்தான். அக்கா கொட்டகைக்கு வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, நல்லாயிருக்குடா என்றாள். அடுத்த புத்தாண்டுக்கும் அந்த இருவரும் வரவில்லை. பார்த்தாயா என்று மன்சு தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

இப்போது எல்லோரும் வந்துகொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் பரீட்சை இல்லை, எல்லோருக்கும் ரயிலில் இடம் கிடைத்திருந்தது.

ஆம்புலன்ஸ் மூன்றரைக்கு வந்தது. நாலு பேர் போர்வையோடு தூக்கி உள்ளே கொண்டுவந்தார்கள். ஒக்புன் எடையே இல்லாமல் இருந்தாள். ஈரல் வீங்கி, முகம் மஞ்சளாகி, கண் மட்டும் பழைய கண்ணாக இருந்தது. படுக்கையில் கிடத்தியதும் முதல் வேலையாகக் கையை விரிப்புக்கு அடியில் நுழைத்துத் தரையைத் தொட்டாள். மன்சு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். மற்ற மூன்று திருகுகளையும் அவன் கால்வாசிக்குக் குறைத்து, எல்லாச் சூட்டையும் இந்த அறைக்குத் தள்ளியிருந்தான். அவள் கையை எடுக்கவில்லை. தரையிலேயே வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

அந்த அறை நன்றாகச் சூடானது. மற்ற மூன்றும் ஐஸ் பெட்டியாக ஆயின. கிசோக்கின் மனைவி மேல்கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள். மன்சுவின் மகள் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். அதற்கு மூக்கு ஒழுகத் தொடங்கியது. மன்சுவின் மனைவி யோங்ஹி அக்கம்பக்கத்தில் இரண்டு மின்பாய் இரவல் வாங்கி வந்து விரித்தாள். இரண்டையும் ஒன்றாகப் போட்டதும் ஃப்யூஸ் போனது. பழைய வீட்டின் கம்பிக்கு அதுவே அதிகம்.

நாலரை மணிக்கு மன்சு கன்னத்தை வைத்துப் பார்த்தபோது அக்காவின் தரை ஆறியிருந்தது. பாய்லர் உறுமிக்கொண்டுதான் இருந்தது. குளியலறையிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் வந்தது. யாராவது வெந்நீரைத் திறந்தால் இந்த பாய்லர் தரையை விட்டுவிட்டுக் குளிப்பவரைத்தான் கவனிக்கும். மன்சு கதவைத் தட்டினான். தட்டினான் என்பதைவிட இடித்தான் என்று சொல்லலாம். உள்ளே மல்ஜாவின் மூத்த பெண் தலை அலசிக்கொண்டிருந்தாள். போதும் வெளியே வா என்று அவன் போட்ட சத்தத்தில் அந்தப் பெண் ஈரத்தலையோடு ஓடிவந்தாள். அழுதுவிட்டாள்.

மல்ஜா சமையலறைக்கு அவன் பின்னாலேயே வந்தாள். நாற்பத்தாறு வயதிலும் அவளுக்குக் கோபம் வந்தால் மூக்குத்தான் முதலில் சிவக்கும்.

"ஏழு மணி நேரம் ரயில்லயும் பஸ்லயும் வந்த பிள்ளை. தலைக்கு ஊத்தக் கூடாதா? வெந்நியக்கூட எண்ணித்தான் கொடுப்பியாண்ணே?"

"அக்கா தரை ஆறிப்போச்சு."

"அது எனக்கும் அக்காதான்."

"உனக்கு அக்கான்னு இப்பத்தான் ஞாபகம் வந்துச்சாக்கும். எத்தனை புத்தாண்டு அவ ஒத்தையில உட்கார்ந்து சோறு தின்னான்னு தெரியுமா உனக்கு?"

மல்ஜா அவனையே பார்த்தாள். "அக்கா உன்கிட்ட சொல்லவே இல்லையா?" என்றாள்.

"என்னத்த?"

"பாய்லர் வச்ச வருஷம் நாங்க ரெண்டு குடும்பமும் வர்றதாத்தான் இருந்தோம். நான் டிக்கெட்டே எடுத்துட்டேன். புத்தாண்டுக்கு முந்தின நாள் அக்கா போன் பண்ணி வராதீங்கன்னா. நாலு அறையும் திறந்து ஒரு நாள் பூரா ஓட்டிப் பார்த்தேன், ஏறல, பிள்ளைங்களுக்குச் சளி பிடிச்சுரும்னா. நான்தான் கணக்குத் தெரியாம சின்னதா வாங்கித் தொலைச்சுட்டேன்னா. போன வருஷமும் அதேதான். வசந்தத்துல வாங்க, வசந்தத்துல வாங்கன்னே சொன்னா. வசந்தத்துல எவனுக்கு லீவு தர்றாங்க?"

மன்சு சுவரோரத் திருகுகளைப் பார்த்தான். அவள் இன்னும் ஏதோ சொன்னாள், காதில் விழவில்லை. நாலு அறையையும் திறந்துவிட்டு, அறுபது வயதுக்காரி ஒவ்வொரு அறையாகப் போய்க் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்திருப்பாள். அன்று அவன் பத்து நிமிட நடையில்தான் இருந்தான். மறுநாள் அவள் வீட்டுக்கு வந்து, அவள் ஊற்றிக் கொடுத்த சூப்பைக் குடித்துக்கொண்டே தம்பியையும் தங்கையையும் திட்டித் தீர்த்திருந்தான். போகட்டும்டா, அவங்களுக்கு என்ன கஷ்டமோ என்று மட்டும் அவள் சொன்னாள். மன்சுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கொட்டகைக்குள் போய், பாய்லர் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் வாய்விட்டு அழுதான்.

முகத்தைக் கழுவிக்கொண்டு அக்காவின் அறைக்குப் போனபோது அவள் விழித்திருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. கிசோக் ரயில் நிலையத்துக்குத் தன் மகனை அழைத்துவரப் போயிருந்தான். மன்சு ஈரத்துணியால் அவள் உதட்டைத் துடைத்தான்.

"பிள்ளைங்க அறையெல்லாம் குளிருதாமே," என்றாள் ஒக்புன். குரல் காற்றாகத்தான் வந்தது.

"இல்லக்கா. நல்லாத்தான் இருக்கு."

"என் திருகை மூடிட்டு அவங்களோடதைத் திறந்துவிடு."

"நீ சும்மா படு."

"மூடினா மத்ததுக்கு எட்டும். ஓட்டிப் பார்த்திருக்கேன்."

மன்சு துணியை மடித்தான். மறுபடி விரித்தான். "அக்கா," என்றான். "அன்னைக்குக் கடையில, நீ சந்தைக்குப் போன பிறகு..."

"தண்ணி குடு," என்றாள்.

ஒரு கரண்டி தண்ணீர் கொடுத்தான். பாதி வழிந்தது. அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பேசவிடவில்லை, கையையும் விடவில்லை. சற்றுப் பொறுத்து, "நாளைக்கு எப்படியும் மூடத்தானே போற," என்றாள். உயிர் போன உடம்பைச் சூடான தரையில் வைக்க மாட்டார்கள் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவள் அதைச் சந்தைக்குப் போய்வரச் சொல்வதுபோல் சொன்னாள்.

அவன் மூடவில்லை. அவள் சொன்ன பேச்சை அவன் கேட்காமல் போனது அது இரண்டாவது தடவை. எழுந்து போய் மற்ற மூன்று திருகுகளையும் இறுக்கி அடைத்துவிட்டு வந்தான். பிறகு ஒவ்வொரு அறையாகப் போய், எல்லோரும் பெரிய அறைக்கு வாங்க என்றான். மல்ஜாவின் பெண்ணிடம் போய், மாமா தெரியாம கத்திட்டேன் என்றான். அவள் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு வந்தாள்.

பதினான்கு பேர், படுத்திருந்தவளோடு சேர்த்துப் பதினைந்து. அவள் அன்று கடையில் எண்ணியபோது மன்சுவின் பேரக்குழந்தை பிறந்திருக்கவில்லை. யோங்ஹி பெரிய சட்டியில் சோயாச் சூப்பும் சோறும் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். இடமில்லாமல் முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு சாப்பிட்டார்கள். பிறகு கிசோக், சின்ன வயதில் அக்காவின் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து வறுத்த நெத்திலியைத் திருடித் தின்றதைச் சொன்னான். திருடியது நான், அடி வாங்கினது நீ என்றாள் மல்ஜா. அவன் முப்பத்தைந்து வருடமாகத் தானே திருடியதாக நம்பிக்கொண்டிருந்தான். பிள்ளைகள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் படுக்கையைப் பார்த்து அடங்கினார்கள். ஒக்புனின் உதடு அசைந்தது. மல்ஜா காதை வைத்துக் கேட்டாள். "சிரிங்கன்னு சொல்றா," என்றாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, யோங்ஹி கஞ்சியை ஆற்றிக்கொண்டிருக்கும்போது ஒக்புன் போனாள். ஒரு மூச்சு வந்தது, அடுத்தது வரவில்லை. கிசோக் அவள் மூக்கில் பஞ்சை வைத்துப் பார்த்தான். மல்ஜா காலைக் கட்டிக்கொண்டு கதறினாள். மன்சு அக்காவின் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். அதுவரை அது விரிப்புக்கு அடியில், தரையில் இருந்தது. உள்ளங்கை சூடாக இருந்தது. அதனால் கொஞ்ச நேரம் அவனால் நம்பவே முடியவில்லை.

எதிர் வீட்டு ஹான் பெரியவர் வந்தார். அவளுடைய மேல்சட்டை ஒன்றை வாங்கிக்கொண்டு முற்றத்தில் நின்று வடக்குப் பார்த்து வீசி, போன உயிரைத் திரும்ப அழைக்க அவள் பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிட்டார். உயிரைக் கூட்டிப்போக வருபவர்களுக்கென்று யோங்ஹி வாசலில் மூன்று கிண்ணம் சோறு வைத்தாள். உடலைக் கிடத்தப் பலகை கொண்டுவந்தார்கள், அதை மறைக்கத் திரைத்தட்டியைக் கொண்டுவந்தார்கள். பெரியவர் அறைக்குள் வந்ததும் காலுறையோடு நின்று தரையை உணர்ந்து பார்த்தார். மன்சுவிடம் வந்து தணிந்த குரலில், "தரையை ஆற விடுப்பா," என்றார்.

மன்சு சமையலறைக்குப் போனான். கிசோக் கூட வந்தான். நான் செய்யட்டுமாண்ணே என்றான். வேண்டாம் என்று தலையாட்டினான் மன்சு. பெயர் எழுதாத திருகைப் பிடித்தான். அது மரத்துப்போன கைக்கும் சுடுமளவு சூடாக இருந்தது. நிற்கும்வரை திருகினான். குழாயில் ஓடிக்கொண்டிருந்த இரைச்சல் குறைந்து அடங்கியது. பிறகு மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாக முழுதும் திறந்துவிட்டான்.

கிசோக்குக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. நல்லதுதான் என்று மன்சு நினைத்தான். பிறகு, சொல்லிவிட வேண்டும், மூன்று நாள் கழியட்டும், அடக்கம் முடிந்ததும் இருவரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான்.

மத்தியானத்துக்குள் முற்றத்தில் கூடாரம் போட்டுவிட்டார்கள். பெரிய அண்டாவில் மாட்டிறைச்சிக் காரச் சூப் கொதித்தது. கரிக்களத்தில் அவளோடு நின்ற பெண்கள் ஏழெட்டுப் பேர் ஒன்றாக வந்து, திரைத்தட்டிக்கு முன்னால் விழுந்து வணங்கி, உரக்க அழுதுவிட்டு, பக்கத்து அறையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மன்சுவும் கிசோக்கும் துக்கத்துக்கான சணல் தொப்பி வைத்துக்கொண்டு அக்காவின் அறையில் நின்று வருகிறவர்களுக்குப் பதில் வணக்கம் செய்தார்கள். ஒவ்வொரு முறையும் நெற்றி தரையைத் தொட்டது. காலையில் லேசாகச் சூடிருந்தது. பத்து மணிக்கு வெதுவெதுப்பு. பன்னிரண்டு மணிக்கு மேல் தரை வெறும் தரையாகிவிட்டது. வாய் திறந்தால் ஆவி வந்தது.

கரிக்களத்துப் பெண்களில் ஒருத்தி வெளியே போகும்போது மன்சுவிடம் நின்றாள். "ஒக்புனுக்கு எப்பவும் கணக்குத் தப்பாது," என்றாள். "இந்தக் குளிர்ல வீட்டை எப்படி வச்சிருக்கா பாருங்க. நல்ல பாய்லராப் பார்த்து வாங்கியிருக்கா." அவன் தலைகுனிந்து நன்றி சொன்னான்.

ஆட்கள் கொஞ்சம் குறைந்த நேரத்தில் யோங்ஹி அவனைச் சாப்பிடக் கூப்பிட்டாள். மல்ஜாவின் பெயர் போட்ட அறையில் பிள்ளைகள் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். முந்தின இரவு யாரும் சரியாகத் தூங்கவில்லை. போர்வைகளை உதைத்துத் தள்ளியிருந்தார்கள். ஈரத்தலையோடு ஓடிவந்த பெண்ணின் நெற்றியில் வேர்வை அரும்பியிருந்தது. மன்சுவின் பேரக்குழந்தை காலுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலை ஆட்டிக்கொண்டு கிடந்தது. மூக்கு ஒழுகல் நின்றிருந்தது. மன்சு வாசற்படியில் நின்று பார்த்தான். உள்ளே போகவில்லை.

சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்த மல்ஜா அவனைப் பார்த்துவிட்டு, அழுது அழுது அடைத்துப்போன குரலில், "அண்ணே, கொஞ்சம் குறைக்கலாமா?" என்றாள். "பிள்ளைங்களுக்குப் புழுங்குது."

மன்சு போய்க் குறைத்துவிட்டு வந்தான்.